வந்தியின் பங்கும் மலைப் பள்ளிக்கூடமும்

பேரிடர் வந்துபோன ஊர்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இலக்கிய நண்பர்களிடமிருந்து இரண்டு குரல்கள் தவறாமல் கேட்கின்றன. 'முதலில் வீடு, சோறு, துணி. பள்ளிக்கூடத்தையும் நூலகத்தையும் சமுதாயக் கூடத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பது ஒன்று. 'நம் மக்கள் எப்படியும் மீண்டெழுவார்கள், மண்ணின் உயிராற்றல் அது' என்பது மற்றொன்று. முன்னது நடைமுறை அறிவு போலவும் பின்னது மனிதநேயம் போலவும் தோன்றும். இரண்டும் கடைசியில் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகின்றன என்பதே நம் கட்சி. பொதுவிடம் என்ற ஒன்று இடிந்தால் அது யாருடைய பொறுப்பும் அன்று என்பதே அந்த இடம்.

இதை ஜவ்வாது மலையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு எழுதுகிறோம். திருப்பத்தூரிலிருந்து மேலேறினால் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று நாடுகள். சமவெளிக்காரர்களுக்கு நாடு என்றால் தேசம். மலையில் அது சில சிற்றூர்கள் சேர்ந்த ஒரு வட்டம். கல்வெட்டுகளில் நாம் படிக்கும் நாடு என்ற சொல் இன்னும் அதே அளவிலான பொருளோடு புழங்கும் இடங்கள் தமிழகத்தில் அரிது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் பகுதி. சாமையும் புளியும் பலாவும் தேனும் இவர்களுடைய பொருளியல். இவை போதாத காலத்தில் வெளியூர்க் கூலி. இதே மலைத்தொடரின் காவலூரில்தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் இரண்டே கால் மீட்டருக்கும் சற்றுக் கூடுதலான விட்டமுடைய தொலைநோக்கி விண்மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மலையில் ஒன்றும் கட்ட முடியாது, எதையும் பராமரிக்க முடியாது என்று சொல்கிறவர்கள் அந்தக் குவிமாடத்தை ஒருமுறை சென்று பார்த்துவரலாம்.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியது. கடற்கரையோடு ஓய்ந்துபோகும் என்று எதிர்பார்த்த மழை உள்நாட்டுக்குள் நடந்துவந்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். ஊத்தங்கரை நம் மலையடிவாரத்திலிருந்து கூப்பிடு தொலைவு என்று சொல்லலாம். இந்தப் பக்கத்து ஓடைகள் சேரும் பாம்பாறு அவ்வழியாகத்தான் தென்பெண்ணைக்குப் போகிறது. மலையின் மறுபுறம் திருவண்ணாமலை நகரில் டிசம்பர் 1ஆம் நாள் மண்சரிவில் ஒரு வீட்டுக்குள் ஏழு பேர் புதைந்தார்கள்; ஐவர் குழந்தைகள். சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் நீர் திறக்கப்பட்டது. அகரம்பள்ளிப்பட்டில் ஏறக்குறைய 16 கோடி ரூபாய் செலவில் கட்டி, அந்த ஆண்டு செப்டம்பரில்தான் திறந்துவைத்த பாலம் மூன்று மாதம்கூட முடியுமுன் அடித்துச்செல்லப்பட்டது.

பாலம் போனதை எல்லோரும் அறிவோம். படமெடுத்தார்கள், அறிக்கை விட்டார்கள், எதிரறிக்கையும் வந்தது. பாலத்துக்கு ஓர் அரசியல் உண்டு. திறப்புவிழாக் கல்வெட்டு உண்டு. எனவே அது விழுந்தால் ஓசை கேட்கும். அங்கன்வாடியின் கூரை ஒழுகி, மாவு மூட்டை நனைந்து, ஆயா பிள்ளைகளைத் தம் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துக்கொள்ளும்போது எந்த ஓசையும் கேட்பதில்லை. நியாயவிலைக் கடையின் பின்சுவர் சாய்ந்தால் கடையைக் கீழூருக்கு 'தற்காலிகமாக' மாற்றுவார்கள். தற்காலிகம் என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருளை மலையில் யாரும் நம்புவதில்லை.

பணக்கணக்கைச் சிறிது பார்ப்போம். இலக்கிய இதழ் வாசகர்களுக்கு எண்கள் அலுப்பூட்டும் என்பது ஒரு மூடநம்பிக்கை. ஃபெஞ்சலுக்குப் பின் தமிழக அரசு உடனடியாக 2,000 கோடி ரூபாய் கேட்டது. டிசம்பர் 6இல் நடுவணரசு 944.80 கோடி விடுவித்ததாகச் செய்தி வந்தது. அது புயலுக்காகப் புதிதாகத் தந்த பணம் அன்று. மாநிலப் பேரிடர் நிதிக்கு ஆண்டுதோறும் வரவேண்டிய நடுவணரசுப் பங்கின் தவணைகள். அடுத்த ஏப்ரலில் தேசிய நிதியிலிருந்து 522.34 கோடி. யார் யாரை ஏமாற்றினார்கள் என்ற கச்சேரி ஒருபுறம் நடக்கட்டும். நம் கேள்வி வேறு. கிடைத்த பணத்தில் ஒரு மலைப் பள்ளிக்கூடத்துக்கு என்ன வரும்?

பேரிடர் நிதியைச் செலவிடுவதற்கு விதிமுறைப் பட்டியல் உண்டு. 2015 முதல் 2020 வரை நடைமுறையிலிருந்த பட்டியலின்படி, சேதமடைந்த அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றைப் பழுதுபார்க்க உச்சவரம்பு ஒன்றரை லட்ச ரூபாய். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அதே ஒன்றரை லட்சம். பின்னர் வந்த பட்டியல் வரம்பைக் கொஞ்சம் உயர்த்தியது. அடிப்படைத் தத்துவம் மாறவில்லை. 'உடனடித் தன்மையுள்ள' பழுதுபார்ப்புக்கு மட்டுமே பணம். நிரந்தரக் கட்டுமானத்துக்கு இல்லை. விளையாட்டுத் திடல் போன்றவை வெளிப்படையாகவே விலக்கப்பட்ட பட்டியலில் இருந்தன. திருப்பத்தூரிலிருந்து மணலும் ஜல்லியும் சிமென்ட்டும் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறி, வண்டி போகாத சிற்றூர் என்றால் அதற்குமேல் தலைச்சுமையாகவும் போய்ச் சேரவேண்டிய இடத்துக்கும், சாலையோரச் சமவெளிப் பள்ளிக்கும் ஒரே வரம்பு. ஒன்றரை லட்சத்தில் மலையில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம். கூரையின் ஓட்டை ஓட்டையாகவே இருக்க, வெள்ளையடித்த சுவரில் 'சீரமைக்கப்பட்டது' என்று எழுதலாம்.

இதைவிட நுட்பமான ஒரு தொல்லை உண்டு. பள்ளிக்கூடம் யாருடையது? ஊரில் கேட்டால் 'நம்ம இஸ்கூல்' என்பார்கள். அரசில் கேட்டால் விடை அவ்வளவு எளிதன்று. ஜவ்வாது மலையில் பள்ளிக் கல்வித் துறையின் பள்ளி உண்டு; பழங்குடியினர் நலத் துறையின் உண்டி உறைவிடப் பள்ளி உண்டு; வனத் துறையே நடத்தும் பள்ளியும் உண்டு. அங்கன்வாடி இன்னொரு துறை, நூலகம் மற்றொன்று, கடைக்குக் கூட்டுறவு, தண்ணீர்த் தொட்டிக்கு ஊராட்சி. ஒரே மழையில், ஒரே சரிவில், அடுத்தடுத்து நிற்கும் நான்கு கட்டடங்கள் பழுதானால் நான்கு கோப்புகள் நான்கு மேசைகளுக்குப் போகும். மழைக்கு இந்தத் துறைப் பிரிவினை தெரியாது. சேதக் கணக்கெடுப்பில் வீடுகளை எண்ணுவது எளிது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயர் உண்டு, ஒரு அட்டை உண்டு. பொதுக் கட்டடத்துக்காக வரிசையில் நின்று மனுக் கொடுக்க ஆளில்லை. எல்லோருக்கும் உரியது என்பதாலேயே அது யாருடைய பட்டியலிலும் வராமல் போகிறது.

'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்னும் நண்பர்களுக்கு ஒரு சிறு நினைவூட்டல். வெள்ளம் வந்த இரவில் மக்களை எங்கே தங்கவைக்கிறார்கள்? பள்ளிக்கூடத்தில். சோறு எங்கே வேகிறது? சத்துணவுக் கூடத்தில். ஊசி எங்கே போடுகிறார்கள்? சமுதாயக் கூடத்தில், அல்லது கோயில் மண்டபத்தில். ஆக நீங்கள் முதலில் தரச் சொல்லும் சோறும் துணியும் மருந்தும் கைமாறும் இடமே இந்தப் பொதுவிடந்தான். அது பேரிடரில் இருமுறை அடிபடுகிறது. முதலில் நீரால், பிறகு முகாமாகப் பயன்பட்டதால். இரண்டு கழிப்பறைகள் உள்ள பள்ளியில் முந்நூறு பேர் பத்து நாள் தங்கிப்போன பின் அந்தக் கழிப்பறைகளின் கதியை எந்த அறிக்கையிலும் பார்க்க முடியாது. அடுத்த மாதத்திலிருந்து வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் நின்றுபோவதற்கு மட்டும் 'பெற்றோரின் அறியாமை' என்று காரணம் எழுதிவைத்திருப்பார்கள்.

இனி 'மீண்டெழும் மக்கள்' என்ற புகழ்ச்சிக்கு வருவோம். இதற்கு நம்மிடம் அறுபதாண்டுப் பழைய ஓர் உதாரணம் இருக்கிறது: தனுஷ்கோடி.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்த புயல் பாம்பன் பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட தூலங்களைக் கடலில் தள்ளியது. தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த ரயில் வண்டி பயணிகளோடு அலைக்குள் போயிற்று. பாலத்தைச் சீர்செய்ய முதலில் ஆறு மாதம் என்றார்கள், பிறகு மூன்று மாதம் என்றார்கள்; இளம் பொறியாளராயிருந்த ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் வேலை முடிந்தது. கடலடியில் கிடந்த தூலங்களையே தேடியெடுத்து மீண்டும் ஏற்றினார்கள். அவை கிடக்குமிடத்தைக் கண்டு சொன்னவர்கள் மீனவர்கள் என்பார்கள். இந்தியப் பொறியியல் வரலாற்றில் பெருமைக்குரிய பக்கம் அது, ஐயமில்லை.

அதே பாலத்தைக் கடந்து இருபது கிலோமீட்டருக்கும் மேல் சென்றால் அதே இரவில் இடிந்த ஊர். அங்கே பள்ளிக்கூடம் இருந்தது, மருத்துவமனை இருந்தது, அஞ்சலகம், தேவாலயம், ரயில் நிலையம் எல்லாம் இருந்தன. 'வாழத் தகுதியற்ற இடம்' என்று ஒரே அறிவிப்பில் அனைத்தும் முடிந்தன. ஊர் முடிந்ததே தவிர மக்கள் முடியவில்லை. மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு அங்கேயே தொழிலைத் தொடர்ந்தன. அவர்தம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆயின. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை போட்டார்கள். ஊருக்காக அன்று, பார்வையாளர்களுக்காக. பாலத்துக்கு 46 நாள், பள்ளிக்கூடத்துக்கு ஒரு தலைமுறைக்கு மேல். இரண்டையும் இடித்தது ஒரே காற்று.

இந்த இடைவெளியில் நம் இலக்கியம் என்ன செய்தது? வருந்தத்தக்க செய்தி இது. தேவாலயத்தின் கூரையற்ற சுவர்களை எத்தனை கவிதைத் தொகுப்புகளின் அட்டையில் பார்த்திருக்கிறோம்! எத்தனை பயணக் கட்டுரைகள், எத்தனை குறும்படங்கள்! சிதைவு அழகானதுதான், அதை மறுக்கும் அளவுக்கு நாம் வறண்டவர்கள் அல்லர். ஆனால் ஓர் இடிபாடு அழகாகத் தோன்றுவதற்கு முதல் நிபந்தனை, அதைப் பார்க்கிறவன் பிள்ளையை அங்கே படிக்கவைக்க வேண்டியவனாக இல்லாமலிருப்பது. கூரையற்ற தேவாலயத்தின் நிழலில் நின்று காலத்தின் நிலையாமையை வியந்த நம்முள் எத்தனை பேர், பக்கத்துக் குடிசையின் சங்குமாலை விற்கும் சிறுமி எங்கே படிக்கிறாள் என்று கேட்டோம்? நிலையாமை ஒரு நல்ல காஞ்சித் திணைப் பொருள். அதை அடுத்த வீட்டுக்காரன் கூரையின் மீது ஏற்றிப் பாடுவதில்தான் நமக்கு மறுப்பு.

'தமிழ் மரபே நிலையாமையைப் பாடுவது. கடல்கொண்ட ஊர்களின் மரபு நம்முடையது' என்று ஒரு தற்காப்பு வரும் என்பதை அறிவோம். மரபையே பார்த்துவிடுவோம். இறையனார் களவியல் உரை சொல்லும் முச்சங்க வரலாற்றைத் தொன்மம் என்றே வைத்துக்கொள்வோம். வரலாற்றாய்வாளர்களோடு இங்கே மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. தென்மதுரையைக் கடல் கொண்டது; கபாடபுரத்தைக் கடல் கொண்டது; பிறகு இன்றைய மதுரை. ஒவ்வொரு கடல்கோளுக்குப் பின்னும் பாண்டியன் மீண்டும் நிறுவியதாக அந்த உரை நினைவுகூர்வது எதை? சங்கத்தை. புலவர் கூடும் ஓர் அவையை; இன்றைய சொல்லில் ஒரு பொது நிறுவனத்தை. அரண்மனை கட்டிய கதையை அது சொல்லவில்லை. கட்டுக்கதையே ஆனாலும், ஒரு சமூகம் தன்னைப் பற்றி எப்படிக் கட்டிச் சொல்லிக்கொள்ள விரும்பியது என்பதில் ஒரு செய்தி இருக்கிறதல்லவா? 'நூலகம் பிறகு' என்பவர்கள் மரபைத் துணைக்கழைக்க வேண்டாம்.

மரபிலிருந்து இன்னொரு கதை. நமக்கு மிகவும் வேண்டியது. வையை பெருக்கெடுத்துக் கரை உடைகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தத்தம் பங்குக் கரையை அடைக்க வேண்டுமென்பது அரசாணை. பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவி வந்திக்கு ஆளில்லை. பிட்டையே கூலியாகப் பெற்றுக்கொண்டு சிவபெருமான் கூலியாளாக வருகிறார்; உண்கிறார், ஆடுகிறார், தூங்குகிறார்; கரை அடைபடவில்லை. பாண்டியன் பிரம்பால் அடிக்க, அந்த அடி எல்லா உயிர்கள் மேலும் விழுகிறது. மதுரையில் ஆவணி மாதத்தில் இன்றும் இதற்குத் திருவிழா.

மண் சுமந்த படலத்தை இறைவனின் எளிவந்த தன்மைக்குச் சான்றாகப் பாடம் நடத்துவோம். நடத்தவேண்டியதுதான். ஆனால் கதையின் அடிப்படையில் ஒரு நிர்வாகச் சிக்கல் உறைந்துகிடக்கிறது. கரை பொது; பங்கு வீட்டுக்கு வீடு சமம். பத்து ஆள் உள்ள வீட்டுக்கும் ஓர் ஆள்தான், ஆளே இல்லாத வீட்டுக்கும் ஓர் ஆள்தான். சமமான பங்கீடு என்ற பெயரில் மிகப் பெரிய சுமை மிக ஏழ்மையான தோளில் ஏறுகிறது. புராணம் எழுதியவருக்கு இது புரிந்திருந்தது. அதனால்தான் வந்தியின் பங்கை அடைக்கக் கடவுளைத் தவிர வேறு வழி அவருக்குத் தென்படவில்லை. வந்தியின் பங்கு அடைபடாததற்கு விழுந்த அடி மன்னன் முதுகிலும் பட்டது என்று முடித்ததில் இருக்கும் அரசியலை நம் உரையாசிரியர்கள் அதிகம் தொட்டதில்லை.

இந்தக் கதையை ஏன் நீட்டுகிறோம் என்றால், 'மக்கள் பங்களிப்பு' என்ற சொல் இப்போது மலையேறிவிட்டது. குடிமராமத்து நல்ல சொல். ஏரியை ஊரே பார்த்துக்கொண்ட காலம் இருந்தது. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூரில் ஏரி வாரியம் என்றொரு குழுவே தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கே உழைப்பு ஊருடையது, அதிகாரமும் ஊருடையது. பிறகு வெள்ளையர் ஏரியின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார்கள். உழைப்பை மட்டும் ஊரிடமே விட்டார்கள். கரை உடைந்தால் குடிகள் வந்து வேலை செய்தே ஆகவேண்டும் என்று 1858இல் சென்னை மாகாணத்துக்கு ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே வந்தது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே திட்டம் தொடங்கியபோது பலரும் மரபின் மறுவருகை என்று மகிழ்ந்தார்கள். எந்த மரபு, பத்தாம் நூற்றாண்டினதா 1858இனதா என்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

மலைவாசிகள் தாங்களே கல் சுமந்து பாதை போட்டுக்கொண்டார்கள், தாங்களே கொட்டகை போட்டுப் பள்ளி நடத்துகிறார்கள் என்ற செய்திகளை நாம் கண்ணீர் மல்கப் பகிர்கிறோம். அவர்கள் செய்வது பெருமைக்குரியதே. அதைக் கண்டு அரசு செய்யவேண்டியதைச் செய்யாமலிருப்பதும், நாம் கைதட்டிவிட்டு நகர்ந்துவிடுவதும்தான் கேவலம். அந்த ஊரில் ஆள் இருக்கிறதா என்பதையாவது யோசித்தோமா? 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை 20 மரம்வெட்டிகளைச் சுட்டுக்கொன்றது. இறந்தவர்களில் ஜவ்வாது மலையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். வெளியூர்க் கூலிக்கு ஆண்கள் போய்விடும் ஊர்களில் கிழவிகளும் குழந்தைகளுமே எஞ்சுகிறார்கள். வந்திகளின் ஊர் அது. அங்கே போய் 'வீட்டுக்கு ஓர் ஆள்' கேட்கிறோம்.

பொதுவிடம் என்றால் கட்டடம் மட்டுந்தானா என்ற கேள்வியும் உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட கரையோரங்களில், தொண்டு நிறுவனங்கள் போட்டிபோட்டு வீடு கட்டின. கரையிலிருந்து தள்ளிப்போகச் சொன்னபோது மீனவர்கள் தயங்கினார்கள். அவர்களுக்குக் கடற்கரைதான் பொதுக்கூடம். வலை உலர்த்துவதும் மீன் ஏலம் விடுவதும் பஞ்சாயத்துக் கூடுவதும் அங்கேதான். வீடு என்பது நான்கு சுவர் என்று நினைத்தவர்களுக்கு அந்தத் தயக்கம் 'நன்றியின்மை'யாகத் தெரிந்தது. வீட்டின் சுவரில் கொடையாளர் பெயரைப் பதிக்கலாம். வலை உலர்த்தும் மணலில் எங்கே பதிப்பது?

வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலை நிலச்சரிவில் சிதைந்த வெள்ளார்மலைப் பள்ளியை இங்கே குறிப்பிடவேண்டும். அந்தப் பள்ளியின் மாணவர் இதழில், சரிவுக்கு முன்பே, ஒரு சிறுமி கதை எழுதியிருந்தாள். அருவியில் மூழ்கி இறந்த பெண் பறவையாகத் திரும்பிவந்து, ஆபத்து வருகிறது, ஓடிப்போங்கள் என்று குழந்தைகளை எச்சரிக்கும் கதை. பேரிடருக்குப் பின் அதை முன்னறிவிப்பு என்றும் அற்புதம் என்றும் எழுதினார்கள். அற்புதம் ஒன்றுமில்லை. அந்த மலையில் வாழும் பிள்ளைக்கு அந்த மலையைத் தெரிந்திருந்தது. தெரிந்ததை எழுத அவளுக்கு ஒரு பள்ளி இதழ் இருந்தது. கேரளத்தில் அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செப்டம்பர் 2ஆம் நாளே மேப்பாடியில் மாற்றிடத்தில் வகுப்புத் தொடங்கிவிட்டார்கள், அதையும் ஒரு விழாவாக நடத்தினார்கள். ஐந்து வாரங்கள்! பணக்கார மாநிலம் என்பதால் அன்று. பள்ளிக்கூடம் பிறகு என்று சொன்னால் அங்கே பெற்றோர் விடமாட்டார்கள்.

நூலகத்தைப் பற்றித் தனியே எழுதினால் 'இலக்கியக்காரன் புத்தியைக் காட்டிவிட்டான்' என்பார்கள். பரவாயில்லை. இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாகாணம் சென்னை, 1948இல். வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. 2006க்குப் பின் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,618 ஊராட்சிகளுக்கும் நூலகம் என்று திட்டமிட்டுக் கட்டினார்கள். ஐந்தாண்டுகளில் பூட்டுத் தொங்கியவை எத்தனை என்பதை அவரவர் ஊரில் பார்த்துக்கொள்ளலாம். பேரிடர் எதுவும் வராமலேயே இடிந்த கட்டடங்கள் அவை. புயலில் ஒரு நூலகம் நனைந்தால் நட்டம் என்று பதிவாவதற்கே, அதற்கு முந்தைய நாள் அது திறந்திருக்க வேண்டும். பூட்டிய கட்டடம் நனைந்ததா காய்ந்ததா என்று எந்தக் கணக்கெடுப்பாளர் எட்டிப்பார்க்கப் போகிறார்?

சரி, குறை சொல்லியாயிற்று, செய்யக்கூடியது என்ன? மலையில் எது கட்டவும் காட்டுநிலம் தடை என்பது வழக்கமான பதில். சரிவில் நின்ற பள்ளியைப் பாதுகாப்பான மேட்டுக்கு மாற்றவேண்டுமென்றால் அந்த மேடு பெரும்பாலும் காப்புக்காட்டு எல்லைக்குள்தான் இருக்கும். வனத்துறை அனுமதி, டெல்லி அனுமதி என்று கோப்பு அலைவதற்குள் பிள்ளைகள் படிப்பை முடித்துவிடுவார்கள், அல்லது விட்டுவிடுவார்கள். ஆனால் 2006ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவைப் படித்திருக்கிறோமா? பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மின்கம்பி, குடிநீர், குளம், சாலை, சமுதாயக் கூடம் என்று பதின்மூன்று பொது வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டுநிலத்தைப் பயன்படுத்த அது வழிசெய்கிறது. ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். இவ்விரண்டுதான் நிபந்தனை. மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே முடிவெடுக்கலாம். (பதின்மூன்றில் நூலகம் என்ற சொல் இல்லை. சமுதாயக் கூடத்தில் நான்கு அலமாரி வைப்பதைச் சட்டம் தடுக்கவுமில்லை.)

இந்தச் சட்டம் தமிழகத்தில் நீதிமன்ற இடைக்கால ஆணையால் பல்லாண்டுகள் முடங்கிக்கிடந்தது. 2016க்குப் பிறகே நகரத் தொடங்கியது. ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று தமிழகத்தில் ஒரு சதுர அடிகூட அறிவிக்கப்படவில்லை; எனவே பழங்குடிப் பகுதிகளுக்கான ஊராட்சி விரிவாக்கச் சட்டமும் இங்கே செல்லாது. எஞ்சியிருக்கும் ஒரே சாவி இந்த உட்பிரிவு. அதையும் தனிப் பட்டாவுக்கான சட்டம் என்றே எல்லோரும் பேசிப் பேசிப் பொதுவசதிப் பிரிவை மறக்கடித்துவிட்டார்கள். மறுபடியும் அதே நோய்: வீடு தெரிகிறது, பொதுவிடம் தெரிவதில்லை.

கிராம சபை என்றதும் ஊராட்சி முழுமைக்கும் மேசை போட்டு நடத்தும் கூட்டத்தை நினைத்துவிடக் கூடாது. வனவுரிமைச் சட்டம் பேசுவது சிற்றூர் அளவிலான சபையை; அந்தந்த ஊரின் வயதுவந்தோர் அனைவரும் கூடுவது. புதூர்நாட்டுச் சிற்றூர்களுக்கு ஊர்க்கூட்டம் என்பது நாம் போய்க் கற்றுக்கொடுக்க வேண்டிய கலை அன்று. இல்லாதது ஒரு தாள். மழைக்கு முன்பே, நின்றுகொண்டிருக்கும்போதே, ஊரிலுள்ள பொதுக் கட்டடங்கள் எவை, எந்தத் துறையினுடையவை, எந்த ஆண்டு கட்டியவை, எது சரிவில் இருக்கிறது, மாற்றிடம் எது என்று எழுதி, நிழற்படம் இணைத்து, சபையில் படித்துக் கையொப்பமிட்ட ஒரு தாள். அப்படி ஒன்று கையிலிருந்தால், கணக்கெடுக்க வருகிற அலுவலர் வீடுகளை மட்டும் எண்ணிக்கொண்டு இறங்கிப்போக முடியாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். மே மாத விடுமுறையில் கல்லூரி மாணவர்கள் ஊரில்தான் இருப்பார்கள். புளி உலுக்கும் வேலையும் அதற்குள் முடிந்திருக்கும்.

தீர்மானத்தை எழுத ஆள் வேண்டும். ஆண்டுதோறும் இந்த மாவட்டத்துக் கல்லூரிகளிலிருந்து தமிழ் முதுகலை முடித்து வெளியேறுகிறவர்கள் பலர். மலையிலிருந்து வந்து படிக்கிறவர்களும் அவர்களுள் உண்டு. மலைபடுகடாத்துக்கு உரையெழுதத் தெரிந்தவர்களுக்கு மாவட்ட வன அலுவலருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதத் தெரியவில்லை என்றால் அது பாடத்திட்டத்தின் குறை. வரும் ஆண்டு முதல் பயன்பாட்டுத் தமிழ்த் தாளில், பாராட்டுவிழா வரவேற்புரைக்குப் பதிலாகக் கிராம சபைத் தீர்மானத்தைப் பயிற்சியாகத் தரலாமென்று பாடக் குழுவில் இருக்கும் நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.